புகைப்பிடித்தலும் உணவுப் பழக்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புகைப்பழக்கம் என்றதும் நுரையீரலையும் இதயத்தையும் பற்றித்தான் பேச்சு எழுகிறது. சாப்பாட்டின் மீது அதற்கு இருக்கும் பிடியை, புகைப்பவர்களே பெரும்பாலும் அதை நிறுத்தும்போதுதான் உணர்கிறார்கள். பசி, ருசி, எதைச் சாப்பிடுவது, எப்போது எழுந்திருப்பது என்று தட்டின் முன்னால் நடக்கும் எல்லாவற்றிலும் நிகோடின் தலையிடுகிறது. அந்தத் தலையீட்டைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன.

புகைப்பிடித்தால் பசி ஏன் அடங்கிப்போகிறது?

உள்ளிழுத்த புகையிலுள்ள நிகோடின் சில வினாடிகளிலேயே மூளையை எட்டிவிடுகிறது. மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைபோதலாமஸ் என்ற சிறு பகுதிதான் பசியையும் நிறைவுணர்வையும் ஆள்கிறது. அங்கே ‘போதும்’ என்ற செய்தியைத் தரும் நரம்பணுக்கள் சில உள்ளன. நிகோடின் அந்த நரம்பணுக்களைத் தூண்டிவிடுவதால், வயிற்றில் எதுவும் விழாமலேயே சாப்பிட்டது போன்ற நிறைவு தோன்றுகிறது என்பதை, எலிகளை வைத்து நடத்தப்பட்டு 2011இல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. இதோடு, நிகோடின் அட்ரினலின் என்ற ஹார்மோனின் சுரப்பையும் கூட்டுகிறது. அட்ரினலின் கல்லீரலில் சேமிப்பாக இருக்கும் சர்க்கரையை இரத்தத்துக்குள் விடச் செய்வதால், பசி மேலும் சிறிது நேரம் தள்ளிப்போகிறது.

இவை எல்லாமே தற்காலிகமானவை. இரத்தத்தில் இருக்கும் நிகோடினில் பாதி சுமார் 2 மணி நேரத்தில் வெளியேறிவிடும். அதன் பிறகு, அடக்கி வைத்த பசியும் அடுத்த சிகரெட்டுக்கான ஏக்கமும் ஒன்றாகத் தலைதூக்குகின்றன. எது எது என்று பிரித்தறிவது பழகியவர்களுக்கே கடினம். காலை உணவைத் தவிர்த்துவிட்டு, வெறும் வயிற்றில் புகைத்தே நண்பகல் வரை ஓட்டுபவர்கள் பலர் ‘எனக்குக் காலையில் பசிப்பதே இல்லை’ என்று சொல்வதற்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இதுதான்.

அப்படியானால் புகைப்பவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகத்தானே சாப்பிடுகிறார்கள்?

அப்படித்தான் எல்லோரும் நினைக்கிறோம். கணக்கெடுப்புகள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. 15 நாடுகளில் எடுக்கப்பட்ட 51 உணவுக் கணக்கெடுப்புகளைத் தொகுத்து 1998இல் வெளியான ஆய்வில், புகைப்பவர்கள் உட்கொள்ளும் மொத்தக் கலோரி, புகைக்காதவர்களைவிடச் சற்று அதிகமாகவே இருந்தது. நிறைவுற்ற கொழுப்பும் மதுவும் அவர்களிடம் கூடுதலாகவும், நார்ச்சத்து, வைட்டமின் சி, வைட்டமின் ஈ ஆகியவை குறைவாகவும் இருந்தன.

அதிகமாகச் சாப்பிட்டும் அவர்களின் சராசரி எடை குறைவாக இருப்பதற்குக் காரணம், உடல் செலவழிக்கும் ஆற்றல் கூடுவதுதான். நாளொன்றுக்கு 24 சிகரெட் பிடிக்கும் நிலையில், 24 மணி நேர ஆற்றல் செலவு ஏறத்தாழ 10 விழுக்காடு, அதாவது 200 கிலோ கலோரி அளவுக்கு உயர்வதாக 1986இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. இதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்: இதயம் வேகமாகத் துடிப்பதும் நரம்பு மண்டலம் ஓயாமல் தூண்டப்படுவதும் இந்தக் கூடுதல் செலவுக்குள் அடங்கியிருக்கின்றன.

எடையைக் கட்டுக்குள் வைக்கப் புகைப்பது உதவும் என்கிறார்களே?

இந்த எண்ணம் தானாகப் பரவியதில்லை, திட்டமிட்டுப் பரப்பப்பட்டது. 1920களின் இறுதியில் அமெரிக்காவில் லக்கி ஸ்டிரைக் சிகரெட்டுக்கு வந்த விளம்பரங்கள், இனிப்பை எடுப்பதற்குப் பதிலாகத் தங்கள் சிகரெட்டை எடுக்கும்படி பெண்களைக் குறிவைத்து அழைத்தன. மிட்டாய் உற்பத்தியாளர்கள் கொதித்தெழுந்தார்கள். மெலிய வைக்கும் என்ற தொனியிலான கூற்றுகளை அந்நாட்டு அரசு ஆணையமும் பின்னர் தடுத்தது. ஆனால் விதைத்தது விதைத்ததுதான். நூறு ஆண்டுகள் ஆகப்போகும் நிலையிலும், எடைக்குப் பயந்து புகையை விடாதவர்கள் இருக்கிறார்கள்.

உண்மை நிலவரம் வேறு. புகைப்பவர்களின் மொத்த எடை சில கிலோ குறைவாக இருந்தாலும், உடலில் கொழுப்பு சேரும் இடம் மோசமானது. இடுப்பையும் வயிற்றையும் சுற்றி, உள்ளுறுப்புகளை ஒட்டிப் படியும் கொழுப்பு, அதே எடையுள்ள புகைக்காதவர்களைவிட அவர்களிடம் அதிகம் காணப்படுகிறது. இன்சுலின் சரிவர வேலை செய்யாத நிலையும் உடன் சேர்ந்துகொள்கிறது. புகைப்பவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு 30 முதல் 40 விழுக்காடு அதிகம் என்று அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 2014ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. மேலும், அளவுக்கு மீறிப் புகைப்பவர்கள், குறைவாகப் புகைப்பவர்களைவிடப் பல கணக்கெடுப்புகளில் எடை கூடுதலாகவே இருக்கிறார்கள். மெலிவதற்கான வழி என்று பார்த்தால் இதைவிட மட்டமான பேரம் ஒன்று இருக்க முடியாது.

சாப்பிட்டு முடித்ததும் ஒரு சிகரெட் இல்லாமல் இருக்க முடியவில்லை. இது ஏன்?

நாளின் மற்ற சிகரெட்டுகளை விட்டுவிட்டவர்கள்கூட இந்த ஒன்றை விட முடியாமல் தடுமாறுவதைப் பார்க்கிறோம். காரணங்கள் பல ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. சாப்பிட உட்கார்ந்த நேரம் முழுவதும் புகை இல்லாததால் இரத்தத்தில் நிகோடின் அளவு இறங்கியிருக்கும். உணவு தரும் இன்பமும் நிகோடின் தரும் இன்பமும் மூளையின் ஒரே வெகுமதிப் பாதையில், டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளின் வழியாகத்தான் பயணிக்கின்றன. முதலாவது முடியும்போது மூளை இரண்டாவதை எதிர்பார்க்கத் தொடங்குகிறது.

இவற்றைவிட வலியது பழக்கம். ஒரு நாளைக்கு 3 வேளை என்று வைத்தாலும், 10 ஆண்டுகளில் ஏறத்தாழ 11,000 முறை ‘சாப்பாடு முடிந்தது, சிகரெட்’ என்ற இணைப்பு மனத்தில் பதிந்திருக்கும். அதனால், கை கழுவிய ஈரம் காய்வதற்குள் விரல்கள் தாமாகவே சட்டைப் பையைத் தடவும்; பை காலியாக இருப்பது தெரிந்த பிறகும் தடவும். அவர்களைப் பொறுத்தவரை சிகரெட்தான் சாப்பாட்டின் முற்றுப்புள்ளி. அது இல்லாவிட்டால் சாப்பாடு முடிந்தது என்ற உணர்வே வருவதில்லை; எனவே இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்வார்கள், பிறகு இனிப்பைத் தேடுவார்கள். புகையை நிறுத்தியவர்களுக்கு எடை கூடுவதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

இதற்குச் செய்யக்கூடியது, சாப்பாட்டை முடித்து வைக்க வேறொரு செயலைப் பழக்குவதுதான். கடைசிக் கவளம் முடிந்ததும் உட்கார்ந்த இடத்தைவிட்டு உடனே எழுந்துவிடுவது, பல் துலக்குவது, 10 நிமிடம் நடப்பது ஆகியவை பலருக்குக் கைகொடுத்திருக்கின்றன. ஏக்கத்தின் உச்சம் பொதுவாகச் சில நிமிடங்களே நீடிக்கும். அந்த நிமிடங்களுக்கு வேலை கொடுத்துவிட்டால் போதும். எந்தச் செயல் என்பதைவிட, ஒவ்வொரு வேளையும் அதே செயல் என்பதுதான் இங்கு முக்கியம்.

சில உணவுகளுக்குப் பிறகு சிகரெட்டின் சுவையே கெட்டுவிடுகிறது என்பது உண்மையா?

உண்மைதான். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் புகைப்பவர்கள் 209 பேரிடம் இதையே கேட்டார்கள். பழங்கள், காய்கறிகள், பால் பொருட்கள், தண்ணீர் போன்ற காஃபின் இல்லாத பானங்கள் ஆகியவை சிகரெட்டின் ருசியைக் கெடுப்பதாகவும், காஃபின் பானங்கள், மது, இறைச்சி ஆகியவை அதை உயர்த்துவதாகவும் அவர்கள் கூறினார்கள். புகைப்பவர்களின் தட்டில் காயும் பழமும் குறைந்து காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

புகையை நிறுத்த விரும்புபவர்களுக்கு இது எளிய கருவி. சாப்பாட்டின் இறுதியில் காபிக்குப் பதிலாக ஒரு குவளைப் பாலோ ஒரு பழமோ வந்தால், அடுத்து வரும் சிகரெட்டின் கவர்ச்சி குறையும். இதனால் மட்டுமே பழக்கம் விட்டுப்போய்விடும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

புகைப்பதால் நாக்கின் ருசி மங்குமா? நிறுத்தினால் திரும்புமா?

மங்கும். நாக்கின் மேற்புறத்தில் சுவை மொட்டுகளைத் தாங்கி நிற்கும் சிறு முகிழ்கள் புகைப்பவர்களிடம் தட்டையாகி, அவற்றுக்குச் செல்லும் இரத்த ஓட்டமும் குறைந்திருப்பதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பகுதி உண்மையில் மூக்கின் வேலை. அந்த மோப்ப உணர்வையும் புகை மழுங்கடிக்கிறது. ருசி மங்கியவர்கள் உப்பையும் காரத்தையும் கூட்டிப் போட்டுக்கொள்கிறார்கள். ஏற்கெனவே புகையால் அழுத்தத்துக்கு உள்ளாகியிருக்கும் இரத்தக் குழாய்களுக்கு இந்த உப்பு மேலும் ஒரு சுமை.

சுவை உயிரணுக்கள் சுமார் 10 நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுபவை என்பதால், நிறுத்திய சில வாரங்களிலேயே வேறுபாடு தெரியத் தொடங்கும். மோப்ப உணர்வு திரும்ப, நீண்ட காலம் புகைத்தவர்களுக்குக் கூடுதல் நாட்கள் ஆகலாம். உப்பைக் குறைத்துப் பழக விரும்புபவர்களுக்கு இந்த வாரங்களைப் போல வசதியான காலம் வேறு வாய்க்காது. நாக்கு தானே ஒத்துழைக்கிறது.

புகையை நிறுத்திய பிறகு வழக்கமான காபியே படபடப்பைத் தருகிறது. ஏன்?

மருத்துவர்கள்கூடச் சொல்ல மறந்துவிடும் செய்தி இது. காஃபினைச் சிதைத்து வெளியேற்றும் வேலையைக் கல்லீரலில் உள்ள சிஒய்பி1ஏ2 என்ற நொதி செய்கிறது. புகையிலை எரியும்போது உண்டாகும் சில ஹைட்ரோகார்பன் சேர்மங்கள் இந்த நொதியை முடுக்கிவிடுவதால், புகைப்பவர்களின் உடலிலிருந்து காஃபின் மிக விரைவாக வெளியேறிவிடுகிறது. அவர்கள் கோப்பை கோப்பையாகக் காபி குடித்தும் நன்றாகத் தூங்குவதன் இரகசியம் இதுதான்.

புகையை நிறுத்தியதும் சில நாட்களிலேயே நொதியின் வேகம் பழைய நிலைக்கு இறங்கிவிடும். குடிக்கும் காபியின் அளவோ மாறியிருக்காது. விளைவாக, இரத்தத்தில் காஃபின் ஏறத்தாழ இருமடங்காக உயர்ந்து, கை நடுக்கம், எரிச்சல், நெஞ்சுப் படபடப்பு, தூக்கமின்மை ஆகியவை வரும். நிகோடின் இல்லாததால் வரும் தொல்லைகளும் ஏறக்குறைய இவைதாம் என்பதால், காபியின் குற்றம் கண்டுபிடிக்கப்படாமலேயே போகிறது. ‘சிகரெட் இல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை’ என்று ஒருவர் முடிவு கட்டித் திரும்பப் பற்றவைக்கும்போது, அவரைத் தோற்கடித்தது பாதிக்குப் பாதி காபியாகவும் இருக்கலாம். நிறுத்தும் நாளிலிருந்தே காபி, தேநீர் இரண்டையும் பாதியாகக் குறைத்து, பிற்பகலுக்கு மேல் தவிர்ப்பது நல்லது.

இந்த விளைவு நிகோடினால் வருவதன்று, புகையால் வருவது. ஆகவே சிகரெட்டுக்குப் பதிலாக, தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையோ நிகோடின் மெல்லும் பசையோ பயன்படுத்துபவர்களும் காபியைக் குறைக்கத்தான் வேண்டும்.

புகைப்பவர்களுக்கு வைட்டமின்கள் கூடுதலாகத் தேவையா? மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

வைட்டமின் சி கூடுதலாகத் தேவை என்பதில் ஐயமில்லை. புகையிலுள்ள ஆக்சிஜனேற்றப் பொருட்களை எதிர்கொள்வதிலேயே உடலின் வைட்டமின் சி செலவாகிவிடுகிறது. அமெரிக்க மருத்துவக் கழகம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிந்துரையின்படி, வயது வந்த ஆண்களுக்கு நாளொன்றுக்கு 90 மில்லிகிராமும் பெண்களுக்கு 75 மில்லிகிராமும் தேவை. புகைப்பவர்கள் இதற்கு மேல் 35 மில்லிகிராம் சேர்த்துக்கொள்ள வேண்டும். நடுத்தர அளவுள்ள ஓர் ஆரஞ்சுப் பழத்திலேயே சுமார் 70 மில்லிகிராம் கிடைத்துவிடும் என்பதால், இதற்கு மாத்திரையைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஃபோலிக் அமிலமும் புகைப்பவர்களின் இரத்தத்தில் குறைந்தே காணப்படுகிறது. கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் இதைக் கட்டாயம் மருத்துவரிடம் பேச வேண்டும்.

உடல் வைட்டமின் ஏயாக மாற்றிக்கொள்ளும் பீட்டா கரோட்டின் என்ற பொருளின் மாத்திரைக் கதைதான் எச்சரிக்கைக்குரியது. காய்கறிகளை நிறையச் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருகிறது, அவற்றில் பீட்டா கரோட்டின் இருக்கிறது, ஆகவே அதையே மாத்திரையாகக் கொடுத்துவிடலாம் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். பின்லாந்தில் 50 முதல் 69 வயது வரையிலான, புகைக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடத்தப்பட்ட பெரிய சோதனையின் முடிவு 1994இல் வெளிவந்தபோது, மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு அதிகமாக வந்திருந்தது. அமெரிக்காவில் நடந்த இன்னொரு சோதனையில், பீட்டா கரோட்டினையும் வைட்டமின் ஏயையும் சேர்த்து எடுத்தவர்களிடம் அது 28 விழுக்காடு அதிகமாக இருந்ததால், 1996 ஜனவரியில் சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். எனவே புகைப்பவர்களும் அண்மையில் நிறுத்தியவர்களும் பீட்டா கரோட்டின் மிகுந்த மாத்திரைகளைத் தொடாமல் இருப்பதே சரி. கேரட்டாகவும் கீரையாகவும் சாப்பிடுவதற்கு இந்தத் தடை எதுவும் கிடையாது.

நன்றாகச் சாப்பிட்டால் புகையின் கேட்டை ஈடுகட்டிவிடலாமா?

முடியாது. பழமும் காய்கறியும் யாருக்கும் நல்லவை, புகைப்பவர்களுக்கும் நல்லவை. ஆனால் புகையிலுள்ள தார் என்ற பிசுபிசுப்பான கரும்பொருளையும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவையும் முறிக்கும் உணவு என்று ஒன்று இல்லை. ‘நுரையீரலைச் சுத்தப்படுத்தும்’ பானங்கள் என்று விற்கப்படுபவற்றுக்கும் இதே விடைதான்.

நெஞ்செரிச்சலுக்கும் புகைக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் வாயில்போல் இருக்கும் தசை வளையத்தை நிகோடின் தளர்த்துவதால், அமிலம் மேலேறி வருகிறது. அமிலத்தைச் சமன்படுத்தும் உமிழ்நீரும் புகைப்பவர்களுக்குக் குறைவு. இரைப்பைப் புண் இருப்பவர்கள் புகைத்தால் புண் ஆறத் தாமதமாகும். இரவில் சாப்பிட்டு, புகைத்து, உடனே படுப்பவர்கள் நெஞ்செரிச்சலைத் தாமே வரவழைத்துக்கொள்கிறார்கள்.

நிறுத்தினால் எடை எவ்வளவு கூடும்?

எந்த மருந்தின் துணையும் இல்லாமல் நிறுத்தியவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து, 2012இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ வெளியிட்ட கணக்கின்படி, சராசரி எடைக் கூடுதல் முதல் மாத முடிவில் சுமார் 1 கிலோ, மூன்றாம் மாதத்தில் ஏறத்தாழ 3 கிலோ, ஓராண்டு முடிவில் 4.7 கிலோ. அதாவது கூடுவதில் பெரும்பகுதி முதல் 3 மாதங்களிலேயே கூடிவிடுகிறது. கவனம் தேவைப்படுவதும் அப்போதுதான்.

சராசரியைக் கேட்டு மிரள வேண்டாம் என்பதற்கும் அதே ஆய்வில் சான்று இருக்கிறது. ஓராண்டு முடிவில் 16 விழுக்காட்டினருக்கு எடை குறைந்திருந்தது. 13 விழுக்காட்டினருக்கு 10 கிலோவுக்கு மேல் கூடியிருந்தது. ஒருவருக்கு நேர்வது மற்றவருக்கும் நேரும் என்று சொல்ல முடியாத அளவுக்கு இடைவெளி பெரியது.

கூடிய எடை, நிறுத்தியதன் நன்மையைத் தின்றுவிடுமா என்ற கேள்விக்கு, 2018இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ வெளியிட்ட ஆய்வு தெளிவான விடை தந்தது. நிறுத்திய பின் எடை கூடியவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு சில ஆண்டுகளுக்கு உயர்ந்து, 5 முதல் 7 ஆண்டுகளில் உச்சத்தைத் தொட்டு, பிறகு படிப்படியாக இறங்கியது. எடை கூடாதவர்களுக்கு அந்த உயர்வு இல்லை. இறப்பு வாய்ப்போ, எடை கூடியவர்கள், கூடாதவர்கள் இரு தரப்பினருக்கும், தொடர்ந்து புகைத்தவர்களைவிடக் குறைவாகவே இருந்தது.

நிறுத்திய பிறகு இனிப்பைக் கண்டால் கை நீளுகிறதே?

பசி கூடுவது, நிகோடினை விட்டதும் உடலில் தோன்றும் அங்கீகரிக்கப்பட்ட விலகல் அறிகுறிகளுள் ஒன்று. எரிச்சலும் கவனக்குறைவும் பெரும்பாலோருக்கு 2 முதல் 4 வாரங்களில் தணிந்துவிடும்போது, பசி மட்டும் மாதக்கணக்கில் நீடிக்கக்கூடும். இன்பம் தந்த ஒரு வாசல் அடைபட்டதும் மூளை அடுத்ததைத் தட்டுகிறது. இனிப்பு கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது. வாய்க்கும் கைக்கும் வேலை தரும் பொருள் தேவைப்படுகிறது என்பதை ஒப்புக்கொண்டு, நறுக்கிய கேரட், வெள்ளரி, வறுக்காத கொட்டைகள், இனிப்பில்லாத மெல்லும் பசை போன்றவற்றை முன்கூட்டியே எடுத்து வைப்பது பயன்தரும். ஏக்கம் எழுந்த பிறகு வெள்ளரியை நறுக்க யாரும் அடுப்படிக்குப் போவதில்லை.

புகையை நிறுத்தும்போதே உணவுக் கட்டுப்பாட்டையும் தொடங்கலாமா?

கடுமையான பட்டினி வேண்டாம். பசி, ஏக்கத்தை வளர்க்கும். மன உறுதி இரண்டு பக்கமும் இழுபடும்போது பெரும்பாலும் முதலில் அறுபடுவது புகைக்கு எதிரான உறுதிதான். வேளை தவறாமல் சாப்பிடுவதும், நார்ச்சத்துள்ள உணவைக் கூட்டுவதும், அன்றாடம் நடப்பதும் முதல் சில மாதங்களுக்குப் போதும். 2 அல்லது 3 கிலோ கூடினால் கூடட்டும். அதைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம். பட்டை, மெல்லும் பசை போன்ற நிகோடின் மாற்று மருந்துகளும், புகையை நிறுத்த உதவும் புப்ரோபியான் மாத்திரையும், எடுத்துக்கொள்ளும் காலத்தில் எடை ஏறுவதைத் தாமதப்படுத்துகின்றன. எடையை எண்ணி அஞ்சுபவர்கள் இதை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்கலாம்.

நிகோடின் மெல்லும் பசையைச் சாப்பாட்டோடு எப்படிப் பொருத்துவது?

இந்தப் பசை வேலை செய்வது வயிற்றில் அன்று, கன்னத்தின் உட்புறத் தோலில். காபி, பழச்சாறு, குளிர்பானம் போன்ற அமிலத்தன்மையுள்ளவை வாயில் இருந்தால் நிகோடின் உள்ளே போகாது. எனவே பசையைப் போடுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்தும், மெல்லும்போதும் தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது. சாதாரணப் பசைபோல் விடாமல் மெல்லவும் கூடாது: காரமான உறுத்தல் தெரியும் வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைத்து, உறுத்தல் தணிந்ததும் மறுபடி மெல்ல வேண்டும். அவசரமாக மென்று விழுங்கிவிட்டு விக்கலும் வயிற்றெரிச்சலும் வந்ததால் ‘எனக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை’ என்று தூக்கிப்போட்டவர்கள் ஏராளம்.

மின்சிகரெட்டும் பசியைக் கெடுக்குமா?

அதில் நிகோடின் இருக்கும் வரை, பசியின் மீது அதன் விளைவும் இருக்கும்.

நீரிழிவுக்கோ வேறு நோய்க்கோ மருந்து எடுப்பவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

நிறுத்திய முதல் வாரங்களில் சாப்பாட்டின் அளவு, உடல் இன்சுலினை ஏற்கும் திறன் இரண்டுமே மாறுவதால், இரத்தச் சர்க்கரையை வழக்கத்தைவிட அடிக்கடி பார்க்க வேண்டும். மருந்தின் அளவை மாற்ற நேரலாம். காஃபினைச் சிதைக்கும் அதே நொதிதான் தியோஃபிலின், குளோசபைன், ஒலான்சபைன் ஆகிய மருந்துகளையும் சிதைக்கிறது. புகை நின்றதும் இவற்றின் அளவு இரத்தத்தில் ஏறக்கூடும் என்பதால், இவற்றை எடுப்பவர்கள் நிறுத்தும் நாளை முன்னதாகவே மருத்துவரிடம் தெரிவித்துவிட வேண்டும்.

வீட்டில் ஒருவர் புகையை நிறுத்துகிறார். சமைப்பவர்கள் என்ன செய்யலாம்?

சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போடாமல் இருப்பதே பேருதவி. உப்பையும் காரத்தையும் மெல்லக் குறைத்துக்கொண்டு வரலாம். அவருடைய நாக்குக்கு வாரா வாரம் ருசி கூடிக்கொண்டே வருவதால், பழைய அளவே அதிகம் என்று அவரே சொல்லக்கூடும். தட்டில் இன்னொரு முறை பரிமாறுவதற்கு முன் சில நிமிடம் பொறுத்துக் கேட்கலாம். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேரச் சற்று நேரம் ஆகும். அவருக்கு எடை கூடியிருப்பதை முதல் 3 மாதங்களுக்கு யாரும் சுட்டிக்காட்ட வேண்டாம். அது அவருக்கே தெரியும்.